ஒரு கொத்து புதினா, ஒரு எலி, ஒரு கண்ணாடி ஜாடி... காற்றின் ரகசியத்தைப் பிடித்த ஜோசப் பிரீஸ்ட்லி யார்?

எரியும் மெழுகுவர்த்தி மேல் ஒரு கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்தால் கொஞ்ச நேரத்தில் அது அணைந்துவிடும். எலியை உள்ளே விட்டால் மயங்கி விழுந்து செத்துப்போகும். 18ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகளுக்கு இது ரொம்பவே பழகிப்போன விஷயம். மூடிய இடத்தில் காற்று கெட்டுப்போகிறது, அவ்வளவுதான்.

ஆனால் இங்கிலாந்தில் ஒருவரை அந்த ஜாடி விடவே இல்லை. உலகமும் ஒரு பெரிய ஜாடி மாதிரிதானே? ஆயிரக்கணக்கான வருஷமாக அடுப்பு எரிகிறது, எரிமலை புகைகிறது, மனுஷனும் மாடும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறோம். அப்படியும் காற்று கெட்டுத் தீர்ந்துபோகவில்லை. அப்படியென்றால் அதைச் சரிசெய்வது யார்?

இந்தக் கேள்வியோடு அலைந்தவர்தான் ஜோசப் பிரீஸ்ட்லி. இத்தனைக்கும் அவர் முழுநேர விஞ்ஞானி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்யும் பாதிரியார்.

பேச்சு திக்கும் பாதிரியார்

1733ல் லீட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில், துணிக்கு மெருகேற்றும் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட, அத்தை வீட்டில் வளர்ந்தார். ஹீப்ரு, கிரேக்கம், லத்தீன், அரபி என மொழிகள் அவருக்குச் சுலபமாக வந்தன. பேச்சுதான் திக்கியது. அரசு ஆதரவு பெற்ற இங்கிலாந்து திருச்சபையை ஏற்காத குடும்பம் என்பதால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை. தங்களைப் போன்றவர்கள் நடத்திய அகாடமியில்தான் படித்தார்.

லண்டனில் பெஞ்சமின் ஃபிராங்ளினைச் சந்தித்தது அவர் வாழ்க்கையில் திருப்புமுனை. ஃபிராங்ளின் கொடுத்த தைரியத்தில் 1767ல் மின்சாரத்தின் வரலாற்றைப் பெரிய புத்தகமாகவே எழுதி முடித்தார்.

அதே வருஷம் லீட்ஸில் சர்ச் வேலை கிடைத்தது. குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பீர் ஆலை. நொதிக்கும் தொட்டிகளுக்கு மேலே ஒரு கனமான காற்று தேங்கி நிற்பதையும், எரியும் குச்சியை அதில் நீட்டினால் அணைந்துவிடுவதையும் பார்த்தார். அதுதான் கார்பன் டை ஆக்சைடு. அதைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துப் பார்த்தார். சுள்ளென்று நன்றாக இருந்தது. செய்முறையை 1772ல் புத்தகமாகப் போட்டார். நாம் குடிக்கிற கோலி சோடாவின் பூர்வீகம் இதுதான். காசு பார்த்தவர் இவர் இல்லை. பின்னால் ஜெனீவாவில் தொழில் தொடங்கிய ஷ்வெப் என்பவர்.

அந்த 10 நாள்

இப்போது நம்ம புதினாவுக்கு வருவோம். செடியும் எலி மாதிரிதான், மூடிய ஜாடியில் வாடிச் சாகும் என்று அவரே முதலில் நினைத்தார். ஜாடிக்குள் வைத்த புதினா மாதக்கணக்கில் தளதளவென்று வளர்ந்தது. அதைவிட ஆச்சரியம், செடி இருந்த காற்றில் மெழுகுவர்த்தி எரிந்தது, எலியும் பிழைத்தது.

அடுத்து, 1771 ஆகஸ்ட் 17ஆம் தேதி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த கெட்ட காற்றுக்குள் ஒரு புதினாக் கொத்தை வைத்தார். ஆகஸ்ட் 27ஆம் தேதி அதே காற்றில் இன்னொரு மெழுகுவர்த்தியை விட்டுப் பார்த்தார். அணையவில்லை, நன்றாக எரிந்தது.

பிரீஸ்ட்லி இதோடு நிறுத்தவில்லை. கெட்ட காற்றை இரண்டு பங்காகப் பிரித்தார். ஒன்றில் செடி, இன்னொன்றில் செடி இல்லை. செடி இருந்த பங்கில் மட்டும் காற்று சரியானது, மற்றது கெட்டது கெட்டபடியே கிடந்தது. தானாகச் சரியாகவில்லை, செடிதான் சரி செய்கிறது என்பதை மறுக்க முடியாதபடி காட்டிவிட்டார். ஒரு கேள்விக்கு ஒரு ஜாடி, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஜாடி. இந்த எளிமைதான் அவருடைய பலம்.

காற்று என்பது சும்மா நம்மைச் சுற்றி இருக்கும் பொருள் இல்லை, உயிருள்ளவை சேர்ந்து காப்பாற்றி வைத்திருப்பது என்ற எண்ணம் வலுப்பெற்றது இங்கேதான். 1773ல் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் கொடுத்தது. வழங்கும்போது பேசிய அதன் தலைவர் ஜான் பிரிங்கிள், எங்கோ தூரத்துக் காட்டில் நிற்கும் மரமும் நம் ஊர்க் காற்றைச் சுத்தம் செய்கிறது என்ற பொருளில் பேசினார். 250 வருஷத்துக்கு முன்னால்!

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அதே பரிசோதனையை மறுபடி செய்தபோது சில தடவை வந்தது, சில தடவை வரவில்லை. அவருக்கே காரணம் பிடிபடவில்லை. 1779ல் நெதர்லாந்து டாக்டர் யான் இங்கன்ஹவுஸ் விடை சொன்னார்: வெளிச்சம். செடியின் பச்சைப் பகுதி மட்டும், அதுவும் வெளிச்சத்தில் மட்டும்தான் காற்றைச் சரிசெய்யும். இருட்டில் அதுவும் நம்மைப் போலக் கெட்ட காற்றைத்தான் விடும். (அரசமரம் ராத்திரியிலும் ஆக்சிஜன் தரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதற்கும் பதில் இதுவே.)

சிவப்புப் பொடியும் பெரிய லென்ஸும்

1773ல் ஷெல்பர்ன் பிரபுவின் நூலகப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். சம்பளமும் கிடைத்தது, ஆராய்ச்சிக்கு நேரமும் கிடைத்தது. 1774 ஆகஸ்ட் 1ஆம் தேதி, 12 அங்குல லென்ஸ் ஒன்றால் சூரிய ஒளியைக் குவித்து, பாதரசத்தில் இருந்து செய்த ஒரு சிவப்புப் பொடியைச் சூடாக்கினார். வெளிவந்த வாயுவில் மெழுகுவர்த்தி பளீரென்று எரிந்தது.

அடுத்த வருஷம் அதில் எலியை விட்டார். சாதாரணக் காற்று என்றால் கால் மணி நேரம்தான் தாங்கும். இது அரை மணி நேரம் தாங்கியது. வெளியே எடுத்தபோது செத்தது போலக் கிடந்தாலும், நெருப்பருகே காட்டியதும் எழுந்துவிட்டது. பிறகு தானே இழுத்துப் பார்த்தார். நெஞ்சு லேசான மாதிரி இருந்ததாம். நுரையீரல் நோயாளிகளுக்கு இது மருந்தாகலாம் என்று ஊகித்தார். கூடவே ஒரு பயம்: மெழுகுவர்த்தி வேகமாக எரிவது போல, இதில் உயிரும் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடுமோ?

ஆக்சிஜன் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அவர் அதை ஆக்சிஜன் என்று சொல்லவே இல்லை. எரியும் பொருளில் இருந்து ஃப்ளாஜிஸ்டன் என்று ஒன்று வெளியேறுகிறது, அதை மேலும் வாங்க முடியாமல் நிரம்பிய காற்றே கெட்ட காற்று என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. எனவே புது வாயுவை ஃப்ளாஜிஸ்டன் இல்லாத காற்று என்றார்.

1774 அக்டோபரில் பாரிஸ் போனபோது, விருந்தில் வேதியியலாளர் லவாய்சியரிடம் இதைச் சொன்னார். லவாய்சியர் கதையைத் தலைகீழாகத் திருப்பினார். எரியும்போது பொருளில் இருந்து எதுவும் வெளியேறவில்லை, காற்றில் இருக்கும் ஒன்று போய்ச் சேருகிறது. அதற்கு ஆக்சிஜன் என்று பெயரும் வைத்தார். ஸ்வீடனில் ஷீலே என்பவர் இதே வாயுவைப் பிரீஸ்ட்லிக்கு முன்பே கண்டுபிடித்திருந்தும், அவர் புத்தகம் வெளிவந்தது 1777ல்தான். பிரீஸ்ட்லி கடைசிவரை மனம் மாறவில்லை. 1800ல்கூட ஃப்ளாஜிஸ்டனை ஆதரித்துப் புத்தகம் எழுதினார்.

எரிந்த வீடு

1780ல் பர்மிங்காமுக்குக் குடிபோனார். ஜேம்ஸ் வாட், எராஸ்மஸ் டார்வின் போன்றவர்கள் கூடிய லூனார் சொசைட்டி நட்பு கிடைத்தது. ஆராய்ச்சிக்கு நல்ல காலம்தான். ஆனால் திருச்சபையை விமர்சித்தும், பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தும் எழுதியதால் எதிரிகளும் சேர்ந்தார்கள்.

1791 ஜூலை 14. பாஸ்டில் சிறை வீழ்ந்த நாளைக் கொண்டாட நண்பர்கள் விருந்து வைத்தார்கள். பிரீஸ்ட்லி அதற்குப் போகவே இல்லை. ஆனாலும் கலவரக் கும்பல் அவருடைய சர்ச்சைக் கொளுத்திவிட்டு, நேராக வீட்டைத் தேடி வந்தது. அவரும் மனைவி மேரியும் சற்று முன்புதான் தப்பியிருந்தார்கள். ஆராய்ச்சிக் கூடம், நூலகம், வருஷக்கணக்கில் எழுதிய கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் போயின. ராணுவம் வரும்வரை கலவரம் ஓயவில்லை.

லண்டன் பக்கம் போயும் நிம்மதி இல்லை. 1794 ஏப்ரலில் மனைவியோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அவர் நடுக்கடலில் இருந்தபோது, மே 8ஆம் தேதி, பாரிஸில் லவாய்சியரின் தலை கில்லட்டினில் வெட்டப்பட்டது. புரட்சியை ஆதரித்தவர் நாட்டை விட்டு ஓடுகிறார். அவருடன் வாதாடியவரை அதே புரட்சி கொல்கிறது.

பென்சில்வேனியாவின் நார்தம்பர்லேண்டில், சஸ்குவெஹானா ஆற்றங்கரையில் வீடு கட்டினார். ஆராய்ச்சிக் கூடமும் சேர்த்துத்தான். 1795ல் கடைசி மகன் ஹென்றி இறந்தான். மறு வருஷம் மேரியும் போய்விட்டார். அதன் பிறகும் ஆராய்ச்சியையும் எழுத்தையும் விடவில்லை. 1804 பிப்ரவரி 6ஆம் தேதி, படுக்கையில் இருந்தபடியே தன் எழுத்துக்குத் திருத்தம் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் உயிர் பிரிந்தது.

ஆக்சிஜனின் நூற்றாண்டான 1874 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்க வேதியியலாளர்கள் கூடியது அந்த நார்தம்பர்லேண்டில்தான். இரண்டு வருஷத்தில் அமெரிக்க வேதியியல் சங்கம் பிறந்தது. அது தரும் மிக உயர்ந்த விருது இன்றும் பிரீஸ்ட்லி பெயரில்தான் இருக்கிறது.