அவளுக்குப் பெயர் லட்சுமி

மனிதன் உயர்திணை, மாடு அஃறிணை. பள்ளியில் இப்படித்தான் படித்தோம். ஆனா மெர்போக் தோட்டத்து லயத்தில் இருந்த என் பாட்டி தன் பசுவை ‘அது’ என்று சொன்னதே இல்லை. அவள் வந்துட்டாளா என்றுதான் கேட்பார். பேச்சு வழக்குதானே என்று நினைத்திருந்தேன், ரமண மகரிஷியின் வாழ்க்கையைப் படிக்கும் வரைக்கும்.

1879 டிசம்பர் 30-இல் திருச்சுழியில் பிறந்தவர். பெயர் வேங்கடராமன். 16 வயதில், மதுரையில், திடீரென்று மரண பயம் வந்தது. பிணம் போலப் படுத்து, உடம்பு போனால் ‘நான்’ போய்விடுமா என்று தனக்குள்ளேயே தேடிப் பார்த்தார். 1896 செப்டம்பர் 1-இல் திருவண்ணாமலை வந்தவர், கடைசி வரை அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை.

அந்த ‘நான்’ மனிதனுக்கு மட்டும் என்று அவர் கோடு போடவில்லை. ஆசிரமத்து நாய்கள் அவருக்குப் ‘பசங்க’. குரங்கு, அணில், காகம் எதையும் ‘அது’ என்று அவர் சொல்வதில்லை. மலையில் இருந்தபோது, கூட்டத்தலைவன் கடித்துப்போட்ட ஒரு குட்டிக் குரங்கைக் காப்பாற்றினார். அவன்தான் ‘நொண்டி’.

1926-இல் கன்றாக வந்தவள் லட்சுமி. காட்டில் சிறுத்தை பயம் இருந்ததால் ஊருக்குள் ஒரு பக்தர் வீட்டில் விட்டார்கள். அவளோ தினமும் காலையில் தானே ஆசிரமத்துக்கு நடந்து வந்து, சாயங்காலம் திரும்பிப் போவாள். நேராக ரமணரிடம் போய், அவர் காலடியில் தலையை வைப்பாள்.

வாழைப்பழம் கிடைக்கும் என்ற பழக்கம்தான், வேறென்ன என்று என் வகுப்பு நண்பன் கேட்டான். கேள்வி நியாயம்தான். சென்சார்கூட சூட்டை அளக்கும், ஆனா சுடாது. உள்ளே உணர்கிற ஒருத்தி இருக்கிறாளா என்று மாட்டைத் திறந்து பார்க்க முடியாது. ஆனா சாப்பாட்டு நேரத்துக்கு டாண் என்று வருவது நானும்தான். அதனால் எனக்கு உள்ளே ஒன்றுமில்லை என்று யாரும் சொல்றதில்லையே! 2012-இல் கேம்பிரிட்ஜில் கூடிய மூளை விஞ்ஞானிகள், உணர்வுக்கு வேண்டிய நரம்பு அமைப்பு மனிதனுக்கு மட்டும் உரியதல்ல, பாலூட்டி, பறவை, ஆக்டோபஸுக்கும் உண்டு என்று அறிவித்தார்கள்.

1948 ஜூன் 18. லட்சுமியின் கடைசி நாள். 1922-இல் தன் தாய் அழகம்மாள் உயிர் பிரியும்போது தலையிலும் மார்பிலும் கை வைத்திருந்த ரமணர், இவளுக்கும் அப்படியே கை வைத்து உட்கார்ந்தார். பிறகு முறைப்படி அபிஷேகம் செய்து, ஆசிரமத்திலேயே சமாதி வைத்தார்கள். பக்கத்தில் வள்ளி என்ற மான், ஜாக்கி என்ற நாய், ஒரு காகம்.

இரண்டு வருஷம் கழித்து, 1950 ஏப்ரல் 14-இல், ரமணர் மறைந்தார். அவர் சமாதியும் அதே வளாகத்தில்தான்.