தெயாவைத் தேர்ந்த கவிஞர்: ராபர்ட் கிரேவ்ஸ்

பிறக்கும் ஊரைத் தேரும் உரிமை எவர்க்கும் இல்லை. வாழும் ஊரைத் தேரும் வாய்ப்போ சிலர்க்குக் கிட்டுகிறது. அத்தேர்வைக் கவிதையின் பொருட்டே செய்து, அதன் பயனையும் விலையையும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஏற்று வாழ்ந்தவர் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ். மத்தியதரைக் கடலில் ஸ்பெயின் நாட்டுக்குரிய மயோர்க்காத் தீவில், தெயா என்னும் மலையூரில் அவர் அமைத்துக்கொண்ட வாழ்வு, கவிஞனுக்கு இடம் என்பது யாது என்னும் வினாவை எழுப்பிக்கொண்டே இருக்கிறது.

போர் தந்த பிணி

1895 சூலை 24ஆம் நாள் இலண்டனையடுத்த விம்பிள்டனில் கிரேவ்ஸ் பிறந்தார். தந்தை ஆல்ஃபிரட் பெர்சிவல் கிரேவ்ஸ் அயர்லாந்தைச் சேர்ந்த பாவலர். தாயார் செருமானிய வரலாற்றறிஞர் ராங்கேயின் குடும்பத்தில் வந்தவர். 1914இல் போர் மூண்டபோது, ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டிய இளைஞர் படையில் சேர்ந்தார். பிரான்சு நாட்டுப் பதுங்கு குழிகளில் சீக்ஃபிரிட் சசூன் என்னும் மற்றொரு கவிஞரின் நட்பைப் பெற்றார்.

1916 சூலையில், சோம் ஆற்றுப் பெரும்போரில் வெடித்த குண்டின் சிதறல் அவருடைய மார்பைத் துளைத்தது. பிழைக்கமாட்டார் எனக் கருதி ஒரு மூலையில் கிடத்தப்பட்டார். இறந்துவிட்டார் என்ற செய்தி பெற்றோருக்கும் அனுப்பப்பட்டது. இருபத்தோராவது பிறந்த நாளை எட்டும் வேளையில் தம் மரணச் செய்தியைத் தாமே மறுக்க வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. உடற்புண் ஆறியது, உள்ளத்துப் புண் ஆறவில்லை. தொலைபேசி மணி ஒலித்தாலும் நடுக்கம் கொண்டார். இனி எவருடைய ஆணைக்கும் கீழ்ப்பட்டு வாழ்வதில்லை என்று உறுதி பூண்டார். பின்னர் அவர் ஊரைத் தேர்ந்ததன் வேர் இவ்வுறுதியிலேயே இருக்கிறது.

1918இல் ஓவியர் நான்சி நிக்கல்சனை மணந்தார். நான்கு குழந்தைகள் பிறந்தனர். கவிதையால் குடும்பம் நடத்த இயலவில்லை. மனைவியோடு ஒரு சிறு கடை நடத்திப் பார்த்தார், அதுவும் நொடித்தது. 1926இல் கெய்ரோப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர் பணியை ஏற்றுக் குடும்பத்துடன் எகிப்து சென்றார். ஓராண்டு நிறையுமுன் பணியைத் துறந்து திரும்பினார். அப்பயணத்தில் உடன் சென்றவர் அமெரிக்கக் கவிஞர் லாரா ரைடிங். அவருடைய அறிவுக் கூர்மையும் சொற்களின்பால் அவர் கொண்டிருந்த கண்டிப்பும் கிரேவ்சை முழுமையாக ஆட்கொண்டன.

அக்கூட்டு வாழ்வு 1929 ஏப்பிரலில் விபரீதத்தில் முடிந்தது. மனப்போராட்டத்தின் உச்சத்தில் லாரா மாடிச் சாளரத்தினின்று குதித்து முதுகெலும்பு முறிந்தார். அவரைத் தொடர்ந்து கிரேவ்சும் கீழ்மாடியிலிருந்து குதித்தார். இருவரும் உயிர் பிழைத்தனர். மண வாழ்வு முறிந்தது. அவ்வாண்டு சில மாதங்களில் எழுதி முடித்த தன்வரலாற்று நூலுக்கு, அனைத்திற்கும் விடை சொல்வதான தலைப்பையே இட்டார். நூல் பெருவாரியாக விற்பனையாயிற்று. அதில் காணப்பட்ட வெளிப்படையான பேச்சு சசூன் முதலிய நண்பர்களை அவரிடமிருந்து பிரித்தது. திரும்பிச் செல்லத்தக்க ஊர் ஒன்று இங்கிலாந்தில் அவருக்கு எஞ்சவில்லை.

தேர்வும் அதன் காரணங்களும்

பாரிசில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் மயோர்க்காவைப் பற்றி எடுத்துரைத்தார். 1929ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் கிரேவ்சும் லாராவும் அத்தீவை அடைந்தனர். தலைநகரான பால்மாவில் தங்காமல், வடமேற்கு மலைத்தொடரில் தேய்க்ஸ் மலையடிவாரத்திலுள்ள தெயாவைத் தேர்ந்தனர். படிப்படியாக அமைந்த கல்வரப்புகளில் ஒலிவ மரங்கள், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகள், குன்றின் உச்சியில் ஒரு தேவாலயம், கீழே பாறைகளுக்கிடையில் ஒரு சிறு கடற்கோடி. இதுவே ஊர்.

காரணங்களைப் பின்னாளில் ஒரு கட்டுரையில் கிரேவ்ஸ் விளக்கினார். அவர் நாடியவை வெயிலும் கடலும் மலையும் ஊற்று நீரும் நிழல் மரங்களும் அரசியல் ஆரவாரமின்மையும் ஆகும். ஆயினும் காட்டு வாழ்வை அவர் நாடவில்லை. மின்விளக்கு வேண்டும், பால்மாவுக்குச் செல்லப் பேருந்து வேண்டும், தபால் தவறாமல் வர வேண்டும். பதிப்பாளர்கள் இலண்டனில் இருக்க, வேற்று நாட்டில் எழுதிப் பிழைப்பவனுக்குத் தபால்காரரே வாழ்வாதாரம். செலவு குறைவு என்பதும் முதன்மையான காரணம். இலண்டனில் ஊதியத்திற்குக் கட்டுண்டு எழுத வேண்டியவர், தெயாவில் தம் எழுத்தின் வருவாய் கொண்டே வாழ இயன்றது. கனவுக்கும் கணக்குக்கும் ஒருங்கே பொருந்திய ஊரை அவர் கண்டெடுத்தார்.

1932இல் ஊருக்கு வெளியே, சாலையோரத்தில் வீடு கட்டிக் குடிபுகுந்தனர். கா நல்யூஞ் என்பது அதன் பெயர். தொலைவிலுள்ள வீடு என்பது அதன் பொருள். வெளிநாட்டார் கடலையொட்டிய பகுதியில் நிலம் வாங்குவதற்குத் தடை இருந்தமையால், உள்ளூர் நண்பர் ஹுவான் ஜெலாத் பெயரில் பத்திரங்கள் எழுதப்பட்டன. ஊருக்கு மின்சாரம் வழங்கியவரும் அவரே. தம் வீட்டை மற்றொருவர் பெயரில் எழுதிவைத்து வாழ்வதென்பது சட்டத்தால் அன்று, நம்பிக்கையால் மட்டுமே நிற்கும் வாழ்வு. அந்நம்பிக்கை எத்தகையது என்பதைப் பிந்திய ஆண்டுகள் காட்டின.

இலண்டனில் தொடங்கிய சீசின் அச்சகத்தின் கையச்சுப் பொறியையும் அவர்கள் தெயாவுக்குக் கொணர்ந்தனர். கவிதை நூல்களைத் தம் கைகளாலேயே அச்சிட்டனர். நிலம் வாங்கிக் கடற்கரைக்குச் சாலை அமைக்கும் முயற்சியில் கடன் பெருகியது. அக்கடனைத் தீர்க்கும் நோக்கிலும் எழுதப்பெற்றவையே 1934இல் வெளிவந்த, உரோமப் பேரரசர் கிளாடியசின் கதையைக் கூறும் இரு புதினங்கள். கவிதையே தம் தொழில் என்றும், உரைநடை அதற்குச் சோறிடும் வேலை என்றும் கருதியவருக்கு உலகப் புகழை ஈட்டித் தந்தவை அவ்வுரைநடை நூல்களே.

விட்டுச் சென்றதும் மீண்டதும்

அரசியல் தீண்டாத தீவு என்று எதுவும் உலகில் இல்லை என்பதை 1936 உணர்த்தியது. சூலைத் திங்களில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. மயோர்க்கா பிராங்கோ அணியின் வசமாயிற்று. ஆகஸ்டுத் தொடக்கத்தில், பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று குடிமக்களை ஏற்றிச் செல்ல வந்தது. முடிவெடுக்கச் சில மணி நேரமே இருந்தது. ஆளுக்கொரு பெட்டியுடன் கிரேவ்சும் லாராவும் நண்பர்களும் கப்பலேறினர். அதே திங்களில் ஸ்பெயினின் தலைசிறந்த கவிஞர் லோர்கா கிரனாடாவுக்கருகில் சுட்டுக் கொல்லப்பட்டார். மயோர்க்காவில் நிகழ்ந்த கொலைகளை, அங்கே தங்கியிருந்த பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னானோஸ் 1938இல் நூலாக எழுதி உலகறியச் செய்தார். வெளிநாட்டார்க்கு வெளியேறக் கப்பல் வந்தது. அண்டை வீட்டார்க்கு அது வரவில்லை. வந்து குடியேறியவனுக்கும் மண்ணின் மகனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அடுத்த பத்தாண்டுகள் அலைச்சலில் கழிந்தன. சுவிட்சர்லாந்து, பிரான்சு, அமெரிக்கா என ஊர்கள் மாறின. 1939இல் லாரா மற்றொருவரைத் துணையாகக் கொண்டு அமெரிக்காவிலேயே தங்கினார். கிரேவ்ஸ் இங்கிலாந்து திரும்பி, பெரில் என்னும் பெண்மணியுடன் டெவன் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தைக் கழித்தார். 1943இல், முதல் மணத்தில் பிறந்த மகன் டேவிட் பர்மாப் போர்முனையில் மாண்டார். தந்தை எந்தப் படைப்பிரிவில் இருந்தாரோ, அதே பிரிவைச் சேர்ந்தவர் மகன். இத்துயரின் காலத்திலேயே, கவிதையின் மூலம் பழந்தெய்வமான ஓர் அன்னையே எனக் கூறும் 'வெண் தேவி' என்னும் ஆய்வு நூலும் உருக்கொண்டது. 1948இல் வெளிவந்த அந்நூலை அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. கவிஞர்கள் பலர் அதனை விடவுமில்லை.

1946 மே மாதத்தில், பெரிலுடனும் குழந்தைகளுடனும் சிறு விமானம் ஒன்றில் மயோர்க்காவுக்கு மீண்டார். பத்தாண்டுகளுக்கு முன் பூட்டிச் சென்ற வீடு விட்டபடியே இருந்தது. நூல்களும் தாள்களும் துணிமணிகளும் வைத்த இடத்தில் இருந்தன. போரும் பஞ்சமும் நிலவிய நாட்டில், பத்திரப்படி வீட்டுக்கு உரியவரான ஜெலாத் அதனைக் காத்து வைத்திருந்தார். தெயாவே தம் ஊர் என்பதை கிரேவ்ஸ் 1929இல் முடிவு செய்தார் எனலாம். ஊர் அவரைத் தன்னவராக ஏற்றதோ அந்தப் பத்தாண்டுகளில்தான்.

ஊரோடு ஒன்றியவர்

தெயாவுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வால்தெமோசா. 1838ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டும் இசைமேதை ஷோபானும் அங்குள்ள பழைய மடத்தில் தங்கினர். குளிரையும் மழையையும் நோயையும் தாங்கிய சாண்ட், தீவின் மக்களை இழித்துரைத்து நூலெழுதினார். நூறாண்டுக்குப் பின் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த கிரேவ்ஸ், தீவினரின் தரப்பை எடுத்துரைக்கும் குறிப்புகளையும் சேர்த்தார். ஒரு குளிர்காலம் தங்கியவரின் பார்வையும் ஒரு வாழ்நாள் தங்கியவரின் பார்வையும் ஒன்றாகா.

அவருடைய நாட்கள் ஒழுங்குடையவை. காலையில் எழுத்து; பின்னர்த் தோட்ட வேலை, கடற்கோடியில் நீச்சல். 'கிரேக்கத் தொன்மங்கள்' என்னும் பெருந்தொகுப்பும் லத்தீன் நூல்களின் மொழிபெயர்ப்புகளும் அவ்வீட்டில் பிறந்தன. இளம் எழுத்தாளர்கள் அவரைத் தேடி வந்தனர். அண்டை ஊரில் தங்கியிருந்த ஆலன் சில்லிட்டோவிடம், தாம் அறிந்த நாட்டிங்காம் நகரைப் பற்றி எழுதுமாறு கிரேவ்ஸ் அறிவுறுத்தினார். 1958இல் சில்லிட்டோவுக்குப் பெயர் ஈட்டித் தந்த முதல் புதினம் அந்நகரத்துத் தொழிலாளர் வாழ்வைப் பற்றியதே. பிறந்த ஊரைத் துறந்தவர், மற்றொருவரை அவர் பிறந்த ஊருக்குத் திருப்பினார்.

1957இல் பிரிட்டிஷ் அரசு அளிக்க முன்வந்த பட்டத்தை ஏற்க மறுத்தார். 1961 முதல் 1966 வரை ஆக்ஸ்போர்டின் கவிதைப் பேராசிரியராக விளங்கியபோதும், சொற்பொழிவுக்குச் சென்று தெயாவுக்கே திரும்பினார். 1968இல் தெயா அவரைத் தன் தத்துப் புதல்வராக அறிவித்தது.

தேர்வின் விலை

இவ்வாழ்வின் மறுபக்கத்தையும் கூறாதொழிதல் நேர்மையாகாது. 1929இல் அவர் துறந்தவற்றுள் இங்கிலாந்து மட்டுமன்று, நான்சியும் நான்கு குழந்தைகளும் அடங்குவர். தெயாவின் பிற்காலத்தில், கவிதைக்குத் தூண்டுதல் எனக் கூறி இளம்பெண்கள் சிலர்மேல் அவர் கொண்ட மோகத்தைப் பெரில் பொறுமையுடன் தாங்கினார். கவிதையின் பெயரால் ஒருவர் பெறும் விடுதலைக்கு மற்றொருவர் விலை கொடுத்தார்.

அரசியலின் வினா இன்னும் கடுமையானது. 1946 முதல் பிராங்கோ மறைந்த 1975 வரை, ஏறத்தாழ முப்பதாண்டுகள், கிரேவ்ஸ் சர்வாதிகார ஆட்சியின் கீழ் அமைதியாக வாழ்ந்தார். அண்டை வீட்டார் பேசிய மயோர்க்க மொழி கட்டலான் மொழியின் ஒரு வடிவம். அம்மொழிக்கு அக்காலத்தில் பள்ளியிலோ அலுவலகத்திலோ இடமில்லை. தம் தாய்மொழியில் விரும்பியதெல்லாம் எழுதும் உரிமையுடன் ஒரு கவிஞர் வாழ்ந்த அதே ஊரில், ஊரார் குழந்தைகள் தம் தாய்மொழியில் எழுதக் கற்கவில்லை. அரசியலின்மையை நாடி வந்தவர்க்கு அது வாய்த்தது. ஊரார்க்கு வாய்த்தது வாய்மூடியிருத்தல். மொழியைத் தம் உயிராகக் கருதுவோர் இதனை எளிதிற் கடந்துவிட இயலாது. அவ்வூரைத் தேர்ந்ததற்காக அவரைக் குற்றவாளியாக்கலும் முறையன்று. அத்தேர்வைத் தூயதெனப் போற்றலும் உண்மையன்று.

எனினும் கவிதைக்கு அவ்விடம் ஈந்தது யாது? இலண்டனின் இலக்கிய மாற்றங்கள் எட்டாத தொலைவில், அவருடைய கவிதை தன் வழியே சென்றது. சுருக்கம், தெளிவு, பழைய யாப்பின் கட்டுப்பாடு, காதலின் மகிழ்வும் அச்சமும் ஆகியவை அதன் இயல்புகள். புத்தியக்கத்தின் உரத்த குரல்கள் ஓய்ந்தபின் அக்கவிதைகளின் மெல்லிய குரல் கேட்கலாயிற்று. அதே தொலைவு, தம் காலத்தினின்று அவரை ஓரளவு விலக்கியும் வைத்தது. தம் போர்க் கவிதைகளைத் தொகுப்புகளிலிருந்து அவரே நீக்கிவிட்டார்.

ஆனால் நீக்கியவை அவரை விடவில்லை. இறுதிப் பத்தாண்டில் நினைவு சிறுகச் சிறுக மங்கி, எழுத்து நின்று, பேச்சும் குன்றியது. 1985 நவம்பர் 11ஆம் நாள், இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கவிஞர் மூலையில், முதல் உலகப் போரின் கவிஞர் பதினாறு பேரின் பெயர் பொறித்த கல் திறந்து வைக்கப்பட்டது. அவர்களுள் அன்று உயிரோடிருந்தவர் கிரேவ்ஸ் ஒருவரே. நான்கு வாரங்களுக்குள், திசம்பர் 7ஆம் நாள், தெயாவில் அவர் மறைந்தார்.

குன்றின் உச்சியிலுள்ள தேவாலயத் தோட்டத்தில், கடலை நோக்கிய இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஈரச் சிமெண்டில் கையால் எழுதப்பட்ட பெயரும், கவிஞர் என்னும் பொருள்படும் ஸ்பானியச் சொல்லும், பிறப்பு இறப்பு நாட்களும் அக்கல்லறையில் உண்டு. கா நல்யூஞ் 2006 முதல் நினைவில்லமாகத் திகழ்கிறது. பிறந்த நாடு பளிங்குத் தேவாலயத்தில் அவரை ஒரு போரின் கவிஞராகப் பதித்து வைத்தது. தேர்ந்த ஊரோ எந்த அடைமொழியுமின்றிக் கவிஞர் என்று மட்டும் எழுதிற்று.