காலஞ்சென்ற ஸ்ரீ பி. ஆர். பந்துலு

தமிழ்நாட்டுச் சிறுவன் ஒருவனை அழைத்து, வீரபாண்டிய கட்டபொம்மன் யாரென்று கேட்டுப் பாருங்கள். அவன் இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு, கும்பினித் துரைக்கு வரி கொடுக்க மறுத்த வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். பாஞ்சாலங்குறிச்சியின் கதையை அவன் பாடபுஸ்தகத்தில் கற்றவனல்லன். திரையில் கண்டான், அல்லது கண்டவர் சொல்லக் கேட்டான். கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசனை உலகம் அறியும். அந்தப் படத்தை எடுத்தவர் கோலார் ஜில்லாவில் பிறந்து, கன்னட நாடகமேடையில் வளர்ந்த ஒருவர் என்பதை அறிந்தவர் சிலரே.

1910ஆம் வருஷத்தில் பிறந்த பந்துலு, வாலிபத்திலேயே குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து நடித்தவர். நாடகமாக நடந்து வந்த ஸம்ஸார நௌகா 1936இல் கன்னடப் படமாக எடுக்கப்பட்டபோது, அதில் அவர் கதாநாயகர், எம். வி. ராஜம்மா கதாநாயகி. பின்னர் அவர் தமிழ்ப் படவுலகிற்கு வந்தார். 1947இன் தொடக்கத்தில், வெள்ளையர் ஆட்சி மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயத்தில், பாரதியின் பாட்டுக்களோடு வெளிவந்த நாம் இருவர் படத்தில் அவரும் ஒரு முக்கிய நடிகர். அதுவும் ப. நீலகண்டன் எழுதிய நாடகத்திலிருந்து பிறந்த படமே. மேடையில் ஜனங்களைக் கிளர்ச்சி கொள்ளச் செய்த ஒரு நாடகத்தை, அதன் சூடு ஆறாமல் திரைக்குக் கொண்டுபோவது எப்படி என்பதை அவர் கற்ற பள்ளிக்கூடங்கள் இவை.

1954இல் பத்மினி பிக்சர்ஸின் பெயரால் படம் எடுக்கலானார். ஹாஸ்யப் படங்களும் மாயாஜாலப் படமும் வந்தன. அவற்றைப் பற்றி நாம் இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1957இல் சிவாஜி நாடக மன்றத்தார், சக்தி கிருஷ்ணசாமி எழுதிய வீரபாண்டிய கட்டபொம்மன் நாடகத்தை அரங்கேற்றினர். பந்துலு அதைப் படமாக்க முன்வந்தார். சரித்திர விஷயங்களுக்கு ம. பொ. சிவஞான கிராமணியாரின் ஆராய்ச்சி துணை நின்றது, ஜி. ராமநாதன் இசையமைத்தார். வர்ணத்தில் எடுக்கப்பட்ட அப்படம் 1959 மே மாதத்தில் வெளிவந்தது. மறு வருஷம் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் என்ற பரிசு சிவாஜி கணேசனுக்குக் கிடைத்தது. அந்நிய ஆதிக்கத்தை அப்போதுதான் உதறிக்கொண்டிருந்த தேசங்களின் சபையில் இந்தப் பரிசு கிடைத்தது என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

இப்படத்தின் மேல் வழக்குரைக்க இடமில்லாமலில்லை. திரையில் கட்டபொம்மன் சிங்கம்போல் துரையின் சபைக்குள் நுழைந்து கர்ஜிக்கிறான். நடந்ததோ வேறு. 1798இல் கலெக்டர் ஜாக்ஸன் தம்மை வந்து காணும்படி உத்தரவிட்டுவிட்டு, பேட்டி கொடாமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். பாளையக்காரரோ பரிவாரத்துடன் பின்தொடர்ந்து அலைந்தார். கடைசியில் ராமநாதபுரத்தில் சந்திப்பு நிகழ்ந்து, கைகலப்பில் லெப்டினெண்ட் கிளார்க் மாண்டார். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய காரியஸ்தர் சுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார். பிற்பாடு கும்பினியாரே ஜாக்ஸனைப் பதவியிலிருந்து நீக்கினர். 1799இல் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபரில் கயத்தாற்றில், வக்கீலும் இல்லாமல் அப்பீலும் இல்லாமல், பிடித்தவரே நீதிபதியாக அமர்ந்து தூக்குத்தண்டனை விதித்தார். நியாயஸ்தலங்களில் பழகிய நமக்கு, அந்தக் கர்ஜனையைவிட, வாசல் வாசலாக அலைய வைக்கப்பட்ட அந்த அவமானமே நெஞ்சைச் சுடுகிறது. படம் அதைக் காட்டியிருந்தால் கட்டபொம்மனின் பெருமை ஓர் அணுவும் குறைந்திராது. ஆனால் நாடகமேடையில் கைதட்டல் வாங்கிய காட்சியைக் கைவிட எந்த முதலாளிக்குத் துணிவு வரும்?

கட்டபொம்மனின் குலத்தார் வீட்டில் பேசுவது தெலுங்கு. படமெடுத்தவர் கன்னட மேடையின் பிள்ளை. சரித்திர ஆதாரம் தந்த ம. பொ. சி.யோ அதே காலத்தில் வடக்கெல்லைக்காகப் போராடிக்கொண்டிருந்தவர். அப்போராட்டத்தின் பயனாகத் திருத்தணி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. இப்போது நமது திருவள்ளூர் ஜில்லாவில் இருப்பது அந்தத் திருத்தணியே. எல்லைக்கோட்டுக்காக ஆந்திரருடன் வாதாடியவர், தெலுங்கு பேசிய பாளையக்காரரைத் தமிழ்நாட்டின் முதல் வீரர்களுள் ஒருவராக நிலைநாட்டப் பாடுபட்டதில் முரண் ஏதுமில்லை. இரண்டு பாஷையும் ஒரே திண்ணையில் கேட்கும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தாருக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை. இன்று அங்குள்ள தொழிற்பேட்டையில் இன்னும் பல பாஷைகள் கேட்கின்றன.

மேல்நாட்டிலும் இவ்வாறு நடந்ததுண்டு. 1942இல், உலக யுத்தம் உச்சத்திலிருந்தபோது, அதுவரை அரங்கேறாதிருந்த ஒரு நாடகத்தைக் கொண்டு அமெரிக்கர் காஸபிளாங்கா என்ற படத்தை எடுத்தனர். அதன் டைரக்டர் கர்ட்டிஸ் ஹங்கேரியில் பிறந்தவர். கதாநாயகி ஸ்வீடன் தேசத்தவள். ஜெர்மானிய அதிகாரியாக நடித்தவர் நாஜிகளுக்குத் தப்பி ஜெர்மனியைத் துறந்து வந்தவர். அமெரிக்காவின் யுத்த நோக்கத்தை அமெரிக்க ஜனங்களுக்கே விளங்க வைத்த கூட்டம் இது.

கட்டபொம்மனால் கிடைத்த பொருளைப் பந்துலு பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. 1961ஆம் ஒரே வருஷத்தில் கன்னடத்தில் கித்தூர் சென்னம்மா, தமிழில் கப்பலோட்டிய தமிழன் என இரண்டு தேசபக்தர் சரித்திரங்களைத் தந்தார். இரண்டிற்கும் அவ்வவ் பாஷைகளில் அவ்வருஷத்தின் சிறந்த படத்திற்குரிய ராஜாங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனால் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் படத்தைத் தமிழ் ஜனங்கள் திரண்டு வந்து பார்க்கவில்லை; பந்துலுவுக்கு நஷ்டம். வாள் சுழற்றிய வீரனுக்குக் கைதட்டியவர்கள், செக்கிழுத்த வக்கீலைக் காணச் சகிக்கவில்லை போலும். கட்டபொம்மன் படத்தில் நாம் குறைகண்ட மிகை இதில் இல்லை. விடுதலையானவரை வரவேற்க ஊர் திரளவில்லை என்பதைக்கூட மறைக்காமல் காட்டிய படம் அது. வாழ்நாளில் கைவிட்டது போதாதென்று, படத்திலும் அவரைக் கைவிட்டோம். இந்தக் கணக்கு பந்துலுவின் பேரில் எழுதப்படவேண்டியதன்று. நம் பேரில் எழுதப்படவேண்டியது.

அவரோ மனந்தளரவில்லை. 1964இல் பெரும் பொருட்செலவில் கர்ணன் எடுத்தார். ஸம்ஸார நௌகாவின் நாயகி ராஜம்மா அதில் குந்தி. அப்படத்தின் அருமையை நன்குணர்ந்தது பிற்காலமே; 2012இல் புதுப்பித்து வெளியிட்டபோது ஜனங்கள் வாரக்கணக்கில் கொட்டகைகளை நிறைத்தனர். 1965இல் எம். ஜி. ஆரை வைத்து எடுத்த ஆயிரத்தில் ஒருவன் நல்ல வசூல் தந்தது. அதுவும் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் விடுதலை பெறும் கதை. 1970இல் கன்னடத்தில் எடுத்த ஸ்ரீ கிருஷ்ணதேவராயர் படத்தில் மந்திரி திம்மரசுவாகத் தாமே நடித்தார்.

பின்னர் பாண்டியநாட்டு விடுதலையைக் கதையாகக் கொண்ட மதுரையை மீட்ட சுந்தரபாண்டியனைத் தொடங்கினார். அது முற்றுப்பெறுமுன் 1974 அக்டோபரில், அறுபத்து நான்காம் வயதில் காலமானார். எஞ்சிய பகுதியை எம். ஜி. ஆரே டைரக்ட் செய்து முடித்தார். அவர் முதன் மந்திரியான பின், 1978இல் அப்படம் வெளிவந்தது.