மெதுவான பந்து

பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீச்சாளர் என்றாலே பலருக்கும் வேகம்தான் நினைவுக்கு வரும். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வீசும் இளைஞர்களைத்தான் குழுக்கள் தேடிப் பிடிக்கும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் வேகமே இல்லாத ஒரு பந்தை நம்பிக் களமிறங்கினார் ஒருவர். அதை வீசியே ஏறக்குறைய ஐம்பது வயதுவரை ஆடினார். அவர்தான் ஹாய்ட் வில்ஹெல்ம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், 1922ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் வில்ஹெல்ம் பிறந்தார். அவருடைய பெற்றோர் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுத ஏழை உழவர்கள். பதினொரு பிள்ளைகள் இருந்த அந்த வீட்டில், விளையாட்டுக்கென்று செலவு செய்யப் பணம் ஏது? உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, டச் லியோனார்ட் என்ற வீச்சாளர் பந்தைப் பிடிக்கும் முறையை அவர் செய்தித்தாளில் கண்டார். உடனே ஒரு டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு அதே பிடியைப் பழகத் தொடங்கினார்.

அந்தப் பந்துக்கு நக்கிள் பந்து என்று பெயர். சாதாரணமாக வீசப்படும் பந்து காற்றில் வேகமாகச் சுழன்றுகொண்டே போகும். நக்கிள் பந்தை விரல் நுனிகளால் பற்றி, ஏறத்தாழ சுழற்சியே இல்லாமல் விட வேண்டும். சுழலாத பந்தின் தையல்களில் காற்று மோதும்போது பந்து தடுமாறும்; இடமும் வலமுமாக ஆடும்; கடைசி நொடியில் சட்டென்று கீழே இறங்கும். எப்பக்கம் திரும்பும் என்று வீசியவருக்கே தெரியாது! அடிக்க நிற்பவருக்கும் பிடிக்கக் குனிந்திருப்பவருக்கும் அது பெரிய தலைவலிதான்.

1942இல் சிறிய தொழில்முறைக் குழு ஒன்றில் ஆடத் தொடங்கிய வில்ஹெல்மை இரண்டாம் உலகப் போர் இராணுவத்துக்கு அழைத்துச் சென்றது. ஐரோப்பாவில் 1944ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்டென் காட்டுப் பகுதியில் கடும் பனியில் பெரும் போர் மூண்டது. அதில் அவர் காயமடைந்தார். போரில் காயமுற்ற வீரர்களுக்கு அமெரிக்க இராணுவம் வழங்கும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. உலோகச் சிதறல் ஒன்று அவர் முதுகிலேயே தங்கிவிட்டது. பின்னர் அவர் ஆடிய ஆட்டங்கள் அனைத்தையும் அதைச் சுமந்துகொண்டேதான் ஆடினார்.

போர் முடிந்து திரும்பியவருக்கு மீண்டும் சிறிய குழுக்களில்தான் இடம் கிடைத்தது. இத்தனை மெதுவான பந்தை நம்பி முதன்மைக் குழுவில் இடம் கொடுக்கலாமா என்ற தயக்கம் அக்காலத்தில் இருந்தது. ஆண்டுகள் ஓடின. 1952இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் குழு அவரைச் சேர்த்துக்கொண்டபோது அவருக்கு 29 வயது. பல வீச்சாளர்கள் புகழின் உச்சியில் இருக்கும் வயதில் அவர் புதுமுகமாக நுழைந்தார்.

அங்கே அவருக்குத் தரப்பட்ட வேலை மாற்று வீச்சாளர் வேலை. பேஸ்பால் ஆட்டம் ஒன்பது சுற்றுகள் கொண்டது. தொடக்க வீச்சாளர் களைத்துப்போனாலும் எதிரணி அவரை விளாசத் தொடங்கினாலும் மாற்று வீச்சாளர் உள்ளே வருவார். தொடக்க வீச்சாளராகத் தேறாதவர்களுக்கு உரிய இடம் என்றே அதை அன்று பலர் கருதினர். ஆனால், ஆட்டம் கைநழுவும் நேரத்தில் களத்துக்குள் நடந்து வருவது எளிய காரியமா? வில்ஹெல்ம் அந்த ஆண்டு 71 ஆட்டங்களில் மாற்று வீச்சாளராகவே இறங்கினார். 15 வெற்றிகள், 3 தோல்விகள்! எதிரணிக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள், ஒன்பது சுற்றுகளுக்குச் சராசரியாக 2.43 மட்டுமே. அந்த ஆண்டு நேஷனல் லீக்கில் அதுவே மிகச் சிறந்த சராசரி.

அதே ஆண்டில் வேடிக்கை ஒன்றும் நடந்தது. முதன்மைக் குழுவில் முதன்முறையாக மட்டையைப் பிடித்த அவர், பந்தை அரங்கின் எல்லைக்கு வெளியே அடித்து ஹோம் ரன் எடுத்தார். அதன்பின் இருபது ஆண்டுகள் ஆடியும் அவர் இன்னொரு ஹோம் ரன் அடிக்கவே இல்லை.

ஜயன்ட்ஸ் குழு 1954இல் உலகத் தொடரை வென்றபோது அவரும் அதில் இருந்தார். ஆனால் 1957இல் அவர் செயின்ட் லூயிஸ் குழுவுக்கு மாற்றப்பட்டார். ஓராண்டுக்குள் கிளீவ்லாந்து, பிறகு பால்டிமோர் என்று கைமாறிக்கொண்டே இருந்தார். வேறொருவராக இருந்தால் மனமுடைந்திருப்பார். 1958 செப்டம்பர் 20ஆம் நாள் பால்டிமோர் குழு அவரைத் தொடக்க வீச்சாளராக இறக்கியது. எதிரே நின்றது, அந்த ஆண்டு உலகத் தொடரையே வென்ற நியூயார்க் யாங்கீஸ் குழு. ஒன்பது சுற்றுகளிலும் அக்குழுவின் ஒருவர்கூட அவருடைய பந்தை முறையாக அடித்துத் தளம் சேரவில்லை. பால்டிமோர் 1–0 என வென்றது. அந்த ஒரே ஓட்டத்தை எடுத்தவர், அவருடைய பந்தைப் பிடிக்கும் வேலையைச் செய்த கஸ் டிரியாண்டோஸ்.

பாவம், டிரியாண்டோஸ்! மறுவருடம் வில்ஹெல்ம் அமெரிக்கன் லீக்கிலும் மிகச் சிறந்த சராசரியைப் பெற்றார். இரண்டு லீக்குகளிலும் இச்சிறப்பைப் பெற்றார் என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தது. டிரியாண்டோஸோ அதே ஆண்டில் 28 முறை பந்தைத் தவறவிட்டார். நிலைமையைக் கண்ட பயிற்றுநர் பால் ரிச்சர்ட்ஸ், 1960இல் வழக்கத்தைவிட மிகப் பெரிய கையுறை ஒன்றைச் செய்வித்தார். கையுறை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று பின்னர் விதி வகுக்க வேண்டியதாயிற்று.

வேகமாக வீசுபவர்களின் தோளும் முழங்கையும் முப்பது வயதுக்குப் பிறகு தேய்ந்துவிடுவது வழக்கம். நக்கிள் பந்தோ கையை அவ்வளவாக வருத்துவதில்லை. சிகாகோ வைட் சாக்ஸ் குழுவுக்கு ஆடிய வில்ஹெல்ம், 1964 முதல் 1968 வரை ஐந்து ஆண்டுகளும் தம் சராசரியை இரண்டுக்குக் கீழே வைத்திருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவரின் கணக்கு இது! 1968இல், வீச்சாளராக 906 ஆட்டங்கள் ஆடிய சை யங்கின் பழைய சாதனையை முறியடித்தார். 1970இல் ஆயிரம் ஆட்டங்களைத் தொட்ட முதல் வீச்சாளரானார்.

1972 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் குழு அவரை விடுவித்தபோது அவர் ஆடியிருந்த ஆட்டங்கள் 1,070. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள்களே இருந்தன. ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது. ஆட்டப் பதிவுகளில் அவர் பிறந்த ஆண்டு 1923 என்றே இருந்ததால், அவரை ஒரு வயது இளையவராகவே எல்லாரும் எண்ணியிருந்தனர்.

பிறகு அவர் இளம் வீச்சாளர்களுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தார். பேஸ்பால் புகழ்க்கூடத்துக்கான வாக்கெடுப்பில் அவர் பெயர் 1978 முதல் இடம்பெற்றது. தொடர்ந்து ஏழு முறை போதிய வாக்குகள் கிடைக்கவில்லை. 1985இல், எட்டாவது முறையில் அவர் தேர்வானார். மாற்று வீச்சாளராகவே பெரும்பாலும் ஆடிய ஒருவருக்கு அக்கூடத்தின் கதவு திறந்தது அதுவே முதல் முறை. ஹாய்ட் வில்ஹெல்ம் 2002 ஆகஸ்ட் 23ஆம் நாள் புளோரிடாவில் காலமானார்.