மடியில் கிடந்த கிட்டார்

பசிபிக் பெருங்கடலின் நடுவே, அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் தொலைவில் ஹவாய்த் தீவுகள் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்றான ஓவாஹுவின் கரையில் லாயியே என்னும் சிற்றூர் உள்ளது. 1874ஆம் ஆண்டு அவ்வூரில் ஜோசப் கெக்குக்கு பிறந்தார். கிட்டாரை மடியில் கிடத்தி, எஃகுத் துண்டால் அதன் கம்பிகளை வருடி இசைக்கும் முறையைக் கண்டறிந்தவர் இவரே என்று பெரும்பாலோர் கருதுகின்றனர்.

அக்காலத்தில் ஹவாய் தனியரசாக விளங்கியது. அரச குடும்பத்தினரே பாட்டியற்றுவதில் வல்லவர்களாக இருந்தனர். கிட்டாரோ அத்தீவுகளுக்கு உரிய கருவி அன்று. 1830களில் கால்நடைகளை மேய்த்து அடக்கும் தொழிலுக்காக மெக்சிக்கோ நாட்டிலிருந்து வந்தவர்கள் அதனைக் கொண்டு வந்தனர். ஹவாய் மக்கள் அதன் கம்பிகளைத் தளர்த்தித் தமக்கேற்பச் சுருதி சேர்த்துக்கொண்டனர். கட்டைவிரல் கீழ்ச்சுரங்களை ஒலிக்க, மற்ற விரல்கள் பாட்டின் மெட்டை இசைத்தன. வந்த விருந்தாளியை வீட்டுப் பிள்ளையாகவே ஆக்கிக்கொண்டார்கள் எனலாம்.

ஆயினும் அக்கருவியில் ஒரு குறை இருந்தது. கிட்டாரின் கழுத்தில் வீணையில் உள்ளவை போன்ற மெட்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். அதனால் அதன் ஒலி படிக்கட்டில் ஏறுவதுபோல ஒவ்வொரு சுரமாகத் தாவிச் செல்லும். மனிதக் குரல் அவ்வாறு செல்வதில்லை. அது வழுக்கியும் வளைந்தும் நெளிந்தும் செல்வது. அதிலும் ஹவாய் மொழியின் ஒலியமைப்பு தனித்தன்மை உடையது. அதில் ஐந்து உயிரெழுத்துகளும் எட்டு மெய்யெழுத்துகளுமே உள்ளன. அம்மொழியின் எந்தச் சொல்லும் மெய்யொலியில் முடிவதில்லை. ஆகவே பாடுவோர் சொல்லின் கடைசி உயிரொலியை விரும்பிய அளவு நீட்டிப் பாடுவர்; தாழ்ந்த குரலிலிருந்து மிக உயர்ந்த மென்குரலுக்கு ஒரே மூச்சில் ஏறுவர். அந்தக் குரலின் பின்னே செல்லும் ஆற்றல் கிட்டாருக்கு இல்லை.

அந்த ஆற்றலை அதற்கு அளித்தவர் ஒரு பள்ளிச் சிறுவர். இளவரசி பெர்னிஸ் பவாஹி பிஷப்பின் உயிலின்படி, ஹவாய்ச் சிறுவர்களுக்காக 1887இல் ஹொனலுலுவில் காமெஹாமெஹா பள்ளி தொடங்கப்பட்டது. 1889இல் கெக்குக்கு அப்பள்ளியில் மாணவராக இருந்தார். ஒருநாள் அவர் கிட்டாருடன் இரயில் பாதையோரம் நடந்து செல்கையில், கிடந்த திருகாணி ஒன்றை எடுத்ததாகவும், அது தற்செயலாகக் கம்பியின்மேல் உரச, புதியதோர் ஒலி எழுந்ததாகவும் கூறுவர். இக்கதையைப் பலர் பலவிதமாகச் சொல்கின்றனர். தற்செயலாக ஒலி எழுவது பெரிதன்று. அதனை விடாமல் பின்தொடர்ந்ததே பெரிது. அவர் பேனாக்கத்தியின் முதுகால் கம்பிகளை வருடிப் பார்த்தார். பின்னர்ப் பள்ளியின் தொழிற்கூடத்தில் வழவழப்பான எஃகுத் துண்டு ஒன்றைச் செய்துகொண்டார். நரம்புகளுக்கு மாற்றாக உலோகக் கம்பிகளைப் பூட்டினார். எஃகுத் துண்டு மெட்டுகளில் இடிக்காதவாறு கம்பிகளைச் சற்றே உயர்த்தி அமைத்தார். இம்முறையில் தேர்ச்சி பெற அவருக்கு ஏழாண்டுகள் ஆயின என்பர்.

தமிழகத்தின் கோட்டு வாத்தியத்தைக் கண்டவர்களுக்கு இதனைப் புரிந்துகொள்வது எளிது. சித்திரவீணை என்றும் வழங்கப்படும் அக்கருவியில் மெட்டுகள் இல்லை. வழவழப்பான கட்டையைக் கம்பிகளின்மேல் நகர்த்திக் கமகங்களை எழுப்புவர். கெக்குக்குவின் கையில் இருந்த எஃகுத் துண்டும் அவ்வேலையையே செய்தது.

அவர் பயின்றுகொண்டிருந்த அந்த ஆண்டுகளிலேயே அவருடைய நாடு கைநழுவிப் போயிற்று. 1893இல் அரசி லிலியுவோகலானி ஆட்சியிலிருந்து அகற்றப்பட்டார். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் இயற்றப்பட்டது. 1898இல் ஹவாய் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. வகுப்பறையில் இடம் இழந்த மொழி பாட்டில் மட்டும் தயக்கமின்றி ஒலித்தது. அரசி இயற்றிய பாடல்களை மக்கள் மறக்கவில்லை. அப்பாடல்களோடு சேர்ந்து புதிய கிட்டாரிசையும் தீவுதோறும் பரவியது.

1904இல் கெக்குக்கு கப்பலேறி அமெரிக்கப் பெருநிலத்திற்குச் சென்றார். அங்கே ஊர் ஊராகச் சென்று வாசித்தார். விரும்பியவர்களுக்குக் கற்றும் கொடுத்தார். ஹவாய் இசைக்குழுவின் கச்சேரியில் ஆரவாரம் மிகுதியாக இராது. ஒரு கிட்டாரும் உக்குலேலே என்னும் சிறு கருவியும் தாளம் காக்க, பாடகர் பாட்டின் ஓர் அடியைப் பாடி நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் மடிக்கிட்டார் அவ்வடியின் கடைசிச் சொல்லை ஏந்திக்கொண்டு, இழுத்து, நடுங்கவிட்டு, மெல்லத் தணிக்கும். கேட்போருக்கு இரண்டாவது பாடகர் ஒருவர் மறைவில் நின்று பாடுவதுபோலத் தோன்றும். அவையில் இருந்தோருள் ஹவாய் மொழி அறிந்தவர் ஒருவரும் இல்லாத ஊர்களிலும் அக்குரல் விளங்கிற்று.

1919இல் ஹவாயைக் களமாகக் கொண்ட இசை நாடகக் குழு ஒன்றுடன் அவர் ஐரோப்பாவிற்குச் சென்றார். எட்டு ஆண்டுகள் அங்கே பல நாடுகளில் இசைத்தார். அந்நாடகங்கள் காட்டிய ஹவாய் பெரும்பாலும் கற்பனையே; மணல், தென்னை, மலர்மாலை ஆகியவற்றோடு அது முடிந்துவிடும். அரசிழந்த துயரத்திற்கு அம்மேடையில் இடமில்லை. எனினும் அம்மேடையில் ஒலித்த இசை உண்மையானது.

அமெரிக்கா திரும்பிய பின் அவர் சிக்காகோவில் கிட்டார் கற்பித்தார். இறுதியில் நியூஜெர்சி மாநிலத்தின் டோவர் நகரில் குடியேறினார். 1932 ஜனவரியில், தம் 57ஆம் வயதில் காலமானார். தாம் பிறந்த தீவில் மீண்டும் வாழும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. டோவரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைந்த அதே ஆண்டில் மின்கிட்டார் ஒன்று விற்பனைக்கு வந்தது. வணிக முறையில் வெற்றி பெற்ற முதல் மின்கிட்டார் அதுவே. அதுவும் மடியில் கிடத்தி எஃகுத் துண்டால் வாசிக்கும் ஹவாய்க் கிட்டார்தான்.

அவர் இந்தியாவிற்கு வந்ததில்லை. அவர் கண்ட முறை வந்தது. லாயியேவில் வளர்ந்த தாவு மோ என்னும் கலைஞர் 1940களில் தம் குடும்பத்தாருடன் கல்கத்தாவில் தங்கி இசைத்தார். வங்காளத்து இல்லங்களில் தாகூரின் பாடல்கள் ஹவாய்க் கிட்டாரில் ஒலித்தன. இந்தித் திரைப்படப் பாடல்களுக்கும் அது துணை நின்றது. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி இராகங்களை வாசித்தார். விசுவ மோகன் பட் அதனை மாற்றியமைத்து, மோகன வீணை எனப் பெயரிட்டார். 1994இல் அவர் கிராமி விருது பெற்றார்.

ஹவாய் மொழி 1978இல் அம்மாநிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. கெக்குக்குவின் சிலை ஒன்று இன்று லாயியேவில் நிற்கிறது.