சிறை மீண்ட சிரிப்பு: கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

தமிழ்த் திரையுலகில் நகைச்சுவை நடிகர் பலர் தோன்றியுள்ளனர். எனினும் பட்டப்பெயரே இயற்பெயரினும் மிகுதியாக மக்கள் நாவில் நிலைபெறும் பேறு வாய்த்தவருள் முதன்மையானவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவர்தம் நகைச்சுவைத் திறம் பற்றி எழுதியோர் மிகப் பலர். நாம் ஈண்டு அவர் வாழ்வைப் பிளந்த சிறைக்காலத்தையும், அக்காலத்தில் அவர் பெயர் மங்காமல் காத்த துணைவியார் டி. ஏ. மதுரத்தையும் முன்வைத்து அவரைக் காண விழைகிறோம்.

அன்று திருவிதாங்கூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், 29.11.1908இல் எளிய குடும்பமொன்றில் கிருஷ்ணன் பிறந்தார். வறுமை பள்ளிப் படிப்பை இடையிலேயே நிறுத்திற்று. நாஞ்சில் நாட்டின் வில்லுப்பாட்டும் நாடகக் கொட்டகையுமே அவருக்குப் பள்ளிகளாயின. டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து பயின்றவர், 1930களின் நடுவில் திரைக்கு வந்தார். 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’யில் அவரோடு நடித்த புதுமுகங்களுள் எம். ஜி. ஆரும் ஒருவர்.

அதே ஆண்டில் ‘வசந்தசேனா’ படப்பிடிப்பிற்காகப் பூனா சென்ற குழுவில்தான் மதுரத்தைச் சந்தித்தார். ஊரில் நாகம்மை என்னும் மனைவியார் இருக்கவே, மதுரத்தையும் மணந்தார். இதனை இன்றைய மாணவர் வினவாமல் விடமாட்டார்; வினவுவது முறையே. கலைஞரின் வாழ்வை எழுதுவோர் அவர் மனையறத்தின் சிக்கல்களை மறைக்க வேண்டுவதில்லை என்பதே நம் கருத்து. திரையிலோ, இவ்விருவரும் இணையாகத் தோன்றும் நகைச்சுவைப் பகுதிக்கெனவே மக்கள் திரண்டனர். அப்பகுதிகளைக் கிருஷ்ணனே தம் குழுவினருடன் தனியே அமைத்துத் தருவது வழக்கமாயிற்று. கதையில் இடறும் படத்தையும் அது கரையேற்றியதுண்டு.

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. நாயகர் எம். கே. தியாகராஜ பாகவதர், நகைச்சுவை கிருஷ்ணனும் மதுரமும். அப்படம் சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அந்த ஓட்டத்தின் பெரும்பகுதியில் இரு நடிகரும் சிறையில் இருந்தனர்!

திரையுலகினரின் அந்தரங்கங்களை ‘இந்துநேசன்’ இதழில் எழுதிவந்த லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். பாகவதரும் கிருஷ்ணனும் சதியில் பங்குகொண்டதாகக் கைதாயினர். சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரிகளுடன் நடந்த விசாரணையின் முடிவில், 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு ஆய்வுக்காக உயர்நீதிமன்றத்திற்கே மீண்டது. வழக்கறிஞர் வி. எல். எத்திராஜ் வாதாடினார். நீதிபதிகள் ஹேப்பல், சகாபுதீன் ஆகியோர் 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறை. செல்வம் பெரும்பாலும் வழக்கிற்கே போயிற்று.

அவ்விடைக்காலத்தில் மதுரம் ஒடுங்கி அமர்ந்துவிடவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமம் முதலானோர் துணையுடன் கணவர் பெயரில் நாடகக் குழுவை நடத்தினார். ‘பைத்தியக்காரன்’ திரைப்படத்தையும் உருவாக்க முற்பட்டார். விடுதலை பெற்று வந்த கிருஷ்ணனும் அதில் தோன்ற, 1947இல் அப்படம் வெளியாயிற்று. பாகவதர் விடுதலைக்குப் பின் நடித்த படங்கள் பழைய வெற்றியைத் தரவில்லை. 1959இல் அவர் மறைந்தார். ஒரே வழக்கு, ஒரே தண்டனை. ஒருவர் மீண்டார், மற்றவர் மீளவில்லை. நாயகனின் ஒளியைக் காலம் எளிதில் பறித்துவிடுகிறது என்பது ஒரு காரணமாகலாம். வாயில் திறந்தபோது கிருஷ்ணனுக்கு ஓர் அரங்கம் ஆயத்தமாய்க் காத்திருந்தது என்பதே பெரிய காரணம் என்று நாம் துணிகிறோம்.

சிறை மீண்டவரின் நகைச்சுவையில் கசப்பு ஏறவில்லை, கருத்தே ஏறிற்று. அறிஞர் அண்ணாவின் எழுத்தில் உருவான ‘நல்லதம்பி’ (1949) படத்தில் இடம்பெற்ற கிந்தனார் காலட்சேபத்தை நோக்குக. நந்தனார் சரித்திரத்தின் வடிவை அப்படியே எடுத்துக்கொண்டார். சிதம்பரம் செல்லத் துடித்த நந்தனுக்கு மாற்றாகப் படிப்பிற்காகப் பட்டணம் செல்லத் துடிக்கும் கிந்தனைப் படைத்தார். பழைய வடிவை ஏளனம் செய்யாமலே அதனுள் புதிய வேட்கையொன்றைப் புகுத்திய இத்திறம், இலக்கியம் பயில்வோர் ஊன்றிக் கற்கத்தக்கது. ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) ஆகியவற்றை இயக்கினார். வில்லுப்பாட்டைச் சென்னை மேடைக்குக் கொணர்ந்து, சுப்பு ஆறுமுகம் போன்ற இளைஞரை வளர்த்தார். நாகர்கோவிலில் காந்தியடிகளுக்குத் தம் செலவில் நினைவுத்தூண் எழுப்பினார்.

ஈட்டியதெல்லாம் ஈந்தவர் இறுதி நாட்களில் பொருள் முடையில் உழன்றார். 30.8.1957 அன்று சென்னை அரசு பொது மருத்துவமனையில் காலமானபோது அவருக்கு வயது 48. சென்னை தியாகராய நகரில் நிற்கும் அவர் சிலையை 1969 ஜனவரியில், நோயுற்ற நிலையிலும் வந்து திறந்துவைத்தவர் முதலமைச்சர் அண்ணா. மறு மாதமே அவரும் மறைந்தார். மதுரம் 1974 வரை வாழ்ந்திருந்தார்.