சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) ஈரோட்டில் பிறந்த கணித மேதை ஆவார். இவருடைய தந்தை கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கராகப் பணியாற்றினார். இராமானுசன் சிறுவயதில் சிறிது காலம் காஞ்சிபுரத்திலும் பயின்றார்.

கல்லூரிக் கல்வி

1904 ஆம் ஆண்டு உதவித்தொகை பெற்றுக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப். ஏ. வகுப்பில் சேர்ந்தார். அக்காலத்தில் அத்தேர்வில் எல்லாப் பாடங்களிலும் தேறினால்தான் பட்டப்படிப்புக்குச் செல்ல இயன்றது. கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால் உதவித்தொகையை இழந்தார். 1905 இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றார். 1906 இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். நோயுற்றதால் அதிலிருந்தும் விலகினார். 1907 இல் மீண்டும் தேர்வெழுதி, கணிதத்தில் மட்டும் தேறினார். அத்துடன் கல்லூரிக் கல்வி முடிவுற்றது. எனினும் கணித ஆய்வைத் தொடர்ந்தார்.

பிற்காலம்

பட்டம் இல்லாமையால் வேலை கிடைப்பது அரிதாயிற்று. 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 இல் கேம்பிரிட்ச் கணிதவியலாளர் ஆர்டிக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத இவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. 1914 இல் இங்கிலாந்து சென்றார். 1916 இல், எஃப். ஏ. தேறாத இவருக்குக் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம் ஆய்வின் அடிப்படையில் இளங்கலைப் பட்டம் வழங்கியது. 1918 இல் அரச கழக உறுப்பினரானார். தமது 32 ஆம் வயதில் சென்னையில் காலமானார்.